உழுதது நான்தானுங்க

சன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாமுங்க. அங்க உக்காந்தா வழியெல்லாம் காடுகளைப் பாத்துக்கிட்டே வருவேன். இவன் ஏன் இப்படிக் கோணலா உழுதிருக்கான், அவன் ஏன் வரப்போரம் புல்லை விட்டு வெச்சிருக்கான்னு வவுறு எரியும். ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிரும். இந்தப் பக்கம்னா கண்டக்டர் மூஞ்சி ஒண்ணுதான். அது எப்படி இருந்தா எனக்கென்னங்க.

மூலனூர் போறீங்களா? நான் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, வேலாங்காட்டுப்புதூர் பிரிவுல எறங்கிக்குவேன். ஒறம்பரை வூடுங்களா, சொந்தமான்னு கேக்கறீங்க. ஒறம்பரை ஆகியிருக்க வேண்டிய வூடுங்க. இப்ப அதைக் கெடுக்கத்தான் போயிட்டிருக்கேன். வெளையாட்டுக்குச் சொல்லலை. எம்பையன் கல்யாணத்தை என் வாயாலயே கெடுத்துப்போட்டு வர்றதுக்கு டிக்கெட் எடுத்து, பஸ் ஏறி, துவைச்ச வேட்டி கட்டிக்கிட்டுப் போறேன். வேட்டியை எடுத்துக் குடுத்ததே எங்கூட்டுக்காரிதான். அதைத்தான் என்னால தாங்க முடியலை.

சிரிக்காதீங்க. சொல்றேன், கேட்டுட்டு அப்பறம் நாயம் நீங்களே சொல்லுங்க.

எனக்கு ஒரே பையன், நவநீதன். முப்பத்தஞ்சு ஆகுது. கெட்ட பழக்கம் ஒண்ணு கெடையாது. அதிர்ந்து பேச மாட்டான். ஆனா காட்டு வேலை பாக்கறான். அதாங்க அவன் பண்ணின ஒரே குத்தம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில நூல்கண்டு தூக்கற வேலைன்னாலும் பொண்ணு குடுக்கறாங்க. சொந்தக் காடு அஞ்சு ஏக்கரா, கெணத்துல தண்ணி, பட்டியில ஆடுன்னு சொல்லிப் பாருங்க, "காடு கெடக்குதுங்க, பையன் என்ன வேலை பாக்கறாப்பல?"ன்னு திருப்பிக் கேக்கறாங்க. எங்க தரகரு பெரியண்ணன் இவனுக்காக ஏறாத வூடு இல்ல. எனக்கும் ராமாத்தாளுக்கும் வயசாயிருச்சு. ராமாத்தா எங்கூட்டுக்காரி. நாங்க ரெண்டு பேரும் போயிட்டா, இவன் காட்டுல இருந்து வந்து இருட்டுல அடுப்புப் பத்த வெச்சுக்கிட்டுக் கெடப்பானேன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுங்க. என்ன கோபம் வந்தாலும் கடைசியில நான் அங்கதான் வந்து நிக்கறேன். இதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

நான் உழவுக்காரன். மாடு கட்டி உழுதிருக்கேன், டிராக்டர் வந்தப்பறம் மட்கார்டு மேல உக்காந்து ஓட்டறவனுக்குக் கோடு சொல்லியிருக்கேன். நான் உழுத காட்டுல சால் எல்லாம் சீப்பு வெச்சு வாரினாப்பல இருக்கும். எங்க சேடன்புதூர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆறேழு வருசத்துக்கு முன்னாடி காட்டுல விளைச்சல் கொறைய ஆரம்பிச்சுது. உரத்தை ஏத்தினா சோளம் எறங்குது. இன்னும் ஏத்தினா இன்னும் எறங்குது. மழை பேஞ்சா தண்ணி உள்ள போகாம மேலாலயே ஓடிப் பள்ளத்துக்குப் போயிருது. காஞ்சா தரை ஓடாட்டம் ஆயிருது, காலால தட்டினா டக்குன்னு சத்தம் கேக்கும். எனக்குக் காரணம் உடனே புரிஞ்சுபோச்சு. உழவு பத்தலை. சரின்னு வருசத்துக்கு ரெண்டு ஓட்டு ஓட்டினதை மூணாக்கினேன். அப்பவும் சரியாகலையா, நாலாக்கினேன். ஒரு மனுசன் இதுக்கு மேல என்னங்க செய்வான்?

அப்பத்தான் இந்தப் பையன் எங்கயோ கூட்டத்துக்குப் போயிட்டு வந்து, "அப்பா, இனி நம்ம காட்டை உழ வேண்டாமுங்க"ன்னான்.

நான் சோத்துல கையை வெச்சவன் அப்படியே நிறுத்திட்டேன். உழ வேண்டாமுன்னா? சட்டியில்லாம சோறாக்கறதா? "மண்ணு செத்துக் கெடக்குதுங்கப்பா, சித்த காலத்துக்கு அதை வுட்டுருங்க"ன்னான். மண்ணு எங்கயாச்சும் சாகுமுங்களா? மனுசனைத்தான் அதுல பொதைக்கறோம். அதையே எதுல பொதைப்பீங்க?

கேக்கலை. அந்த வருசம் சணப்பு, கொள்ளு, நரிப்பயறு, தட்டைப்பயறு எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து காடு பூரா வெதைச்சுப்போட்டான். சரி, பயறாவது வருதேன்னு நெனச்சேன். வந்துது, பச்சைப் பசேல்னு இடுப்பளவுக்கு. பூ எடுத்துது. காய் புடிக்கறதுக்கு முன்னாடி ஒரு பனந்துண்டைச் சங்கிலியில கட்டி இழுத்து, மொத்தத்தையும் தரையோட தரையாப் படுக்கப் போட்டுட்டான். எடுக்கவே இல்லைங்க. ஒரு போகம் பூராவும் மண்ணுக்கே தீனி போட்டாச்சாம். ராமாத்தா மட்டும் வரப்போரம் தப்பிச்ச தட்டைக்காயை ரெண்டு கையளவு பறிச்சுக் குழம்பு வெச்சா. அதுக்கும், "அம்மா, அடுத்த தடவை கேட்டுப் பறிங்க"ன்னான். பெத்தவ பயறு திருடியாயிட்டா.

அப்பறம் அந்தச் சருகுக்கு நடுவுல சின்னதாக் குழி குத்திச் சோளம் போட்டான். உழாம. சோளம் அறுத்தப்பறம் காஞ்ச சோளத்தட்டுல பாதியை மாட்டுக்கு எடுத்துக்கிட்டு மீதியைக் காட்டுலயே வுட்டான். மறுபடி பயறு, மறுபடி படுக்கை. மூணு வருசமா இதே கதை. காடு எப்படி இருக்குமுன்னு நெனைக்கறீங்க? கூட்டாத வாசலாட்டம். குப்பை, சருகு, தட்டு, நடுநடுவுல புல்லு பூண்டு. அந்தப் பக்கம் போறவனெல்லாம் நின்னு பாத்துட்டு, "ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, காடு கைமாறிப் போச்சுங்களா?"ன்னு கேக்கறான். நான் இட்டேரி வழியாப் போறதையே வுட்டுட்டேன். நாங்க காட்டுக்குப் போற வண்டித்தடத்துக்கு இட்டேரின்னு பேருங்க. ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல தடம். அதுல போனா நாலு பேரு கண்ணுல படணும். அதனால பள்ளத்துல எறங்கிச் சுத்திப் போவேன்.

முதல் வருசம் சோளம் கொறைச்சலாத்தான் வந்துது. நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ரெண்டாம் வருசம் முந்திக் கணக்குக்கு வந்துது. நான் ஒண்ணும் சொல்லலை. மூணாம் வருசம் நல்லாத்தான் வந்துதுங்க, இல்லைங்கலை. அது மழை நேரத்துக்குப் பேஞ்சதால. பக்கத்துக் குப்புராசு காட்டுக்கும் அதே மழைதானே, அவனுக்கு ஏன் வரலைன்னு நீங்க கேப்பீங்க. கேக்காதீங்க. அவன் வெதை சரியில்லை.

விளைச்சலை வுடுங்க. எனக்குக் கல்யாணந்தான் வெசனம். எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. பொண்ணு வூட்டுக்காரங்க சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வூட்டுக்கு வந்து, காப்பி குடிச்சுப்போட்டு, அப்படியே காட்டுப் பக்கம் ஒரு நடை நடந்துட்டு வருவாங்க. பேச்சுக்குத்தான் நடை. கண்ணு பூரா மண்ணு மேல இருக்கும். பையன் பாடுபடறவனா இல்லையான்னு காட்டைப் பாத்தே சொல்லிருவாங்க.

போன வருசம் அவிநாசிப் பக்கமிருந்து ஒரு கூட்டம் அப்படி வந்துது. பொண்ணோட மாமங்காரன் எங்க காட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, மெதுவா, "ஏனுங்க, இதுல ஏதாவது கேஸ் நடக்குதுங்களா?"ன்னாரு. கோர்ட்டுல தடை வாங்கின காடுன்னு நெனச்சுட்டாரு. அப்பறம் பேச்சு எப்படி நடக்கும்? திரும்பி வந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டுப் போனவங்கதான். நவநீதன் என்னடான்னா அன்னிக்குச் சாயங்காலமும் அதே குப்பைக்குள்ள குந்திக்கிட்டு மண்ணை மோந்து பாத்துட்டிருக்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். பெரியண்ணன் இந்த வேலாங்காட்டுப்புதூர் எடத்தைக் கொண்டாந்தாரு. பொண்ணு பேரு கோகிலவாணி. படிச்சுட்டு ஈரோட்டுல வேலையில இருந்த புள்ள. அப்பன் காளியப்பனுக்கு இடுப்புல ஏதோ கோளாறு வந்து உக்காந்துட்டதால, வேலையை வுட்டுட்டு வந்து அதுதான் காட்டைப் பாக்குதாம். அவிய காடு எங்க காட்டைவிட மோசமாம். மழை பேஞ்சாத் தண்ணி எறங்க மாட்டேங்குதாம். தரகரு சொன்னாரு, "பொண்ணே நேர்ல வந்து காட்டைப் பாக்கணுமுங்குது. உங்க காட்டைப் பத்தி நான் ஒண்ணு வுடாமச் சொல்லிப்போட்டேன்."

நான் அவரு கையைப் புடிச்சுக்கிட்டேன். "என்னய்யா சொன்னே?"

"உழறதில்லை, பயறு போட்டு மடக்கிப் போடறாப்பலன்னு சொன்னேன். அதைத்தான் பாக்கணும், மூணு வருசம் உழாத காட்டை இது வரைக்கும் பாத்ததில்லைங்குது."

பாத்தீங்களா? எந்தப் பொண்ணாச்சும் மாப்பிள்ளை வூட்டுக்குத் தானே கெளம்பி வருமுங்களா? குத்தம் கண்டுபுடிக்கவே வருது. நேர்ல பாத்து, ஆமா குப்பைதான்னு முடிவு பண்ணிட்டுப் போறதுக்கு வருது. எனக்கு அது கூடத் தெரியாதா? அதுவும் அவிய காட்டுல தண்ணி எறங்கலைன்னா, நல்லா ஆழமா உழறதுக்கு ஒரு பையன் வேணுமுன்னு தேடறாங்கன்னு அர்த்தம். பச்சப்புள்ளைக்குக் கூடப் புரியும்.

அதனால நான் ஒரு வேலை செஞ்சேன். அவிய வர்றதுக்கு முந்தின நாள் நவநீதனைத் தாராபுரத்துக்கு அனுப்பினேன். "கண்ணு, ஒறம்பரை வர்றாங்க, உனக்கு ஒரு நல்ல சட்டை வாங்கிட்டு வா"ன்னேன். இருக்கற சட்டை போதுமுங்கப்பான்னான். போதாதுன்னேன். அவன் பஸ் ஏறினதும் குப்புராசுக்குப் போன் போட்டேன். டிராக்டரோட வந்துட்டான்.

அந்தச் சந்தோசத்தை நான் எப்படிங்க சொல்றது. மூணு வருசம் கழிச்சு எங்காட்டுல கலப்பை எறங்குது. சருகெல்லாம் உள்ள போயி, மண்ணு மேல வந்து, சால் சாலா விழுகுது. குப்புராசு வேற நடுவுல டிராக்டரை நிறுத்திப்போட்டு, "ஏனுங்க மாமா, முன்னெல்லாம் இந்தக் காட்டுல டிராக்டர் மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். இப்ப வெண்ணெயில கத்தி எறங்கறாப்பலப் போகுதே"ன்னான். உன் டிராக்டர் நல்லா இருக்குதுறான்னேன். அதே பழசுதானுங்களேன்னான். ஓட்டற வேலையைப் பாருன்னேன். பின்னால கொக்கும் மைனாவுமா ஒரு படையே வந்துருச்சு. ஏன்னா ஒவ்வொரு சாலுலயும் மண்புழு நெளியுது. எங்கிருந்துதான் வந்துதுங்களோ தெரியலை. நான் நாலு ஓட்டு ஓட்டின காலத்துல ஒண்ணைக் கண்ணுல பாத்ததில்லை. பாருங்க, சும்மா போட்டா பூச்சி புழுவெல்லாம் வந்து அண்டிருது.

மூணு ஏக்கரா முடிஞ்சுது. மீதி ரெண்டு ஏக்கராவுல திரும்பறப்ப நவநீதன் வந்து நின்னான். சட்டை வாங்கின துணிக்கடைப் பையைக் கையில வெச்சிருக்கான். டிராக்டருக்கு முன்னால வந்து நின்னுட்டான். சத்தம் போடுவான்னு நெனச்சேன். போட்டிருந்தா நானும் நாலு போட்டிருப்பேன், சரியாப் போயிருக்கும். அவன் உழுத மண்ணுல எறங்கி ஒரு கையள்ளினான். "ஏனுங்கப்பா"ன்னான். அவ்வளவுதான். கண்ணுல தண்ணி நிக்குது. நான் பெத்த பையன், அத்தனை பெரிய ஆளு, மண்ணை வெச்சுக்கிட்டு அழுகறான். எனக்கும் என்னமோ பண்ணுச்சு, பொய் சொல்லலை. ஆனா அவன் நல்லதுக்குத்தானே பண்ணினேன்? "நாளைக்கு ஒருநாள் பொறுத்துக்க கண்ணு, கல்யாணம் முடிஞ்சப்பறம் என்னமோ போட்டு மூடிக்க"ன்னேன். அள்ளின மண்ணைக் கீழ வெச்சுட்டு வூட்டுக்குப் போயிட்டான். குப்புராசும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு டிராக்டரை எடுத்துட்டுப் போயிட்டான். அந்த ரெண்டு ஏக்கரா அப்படியே குப்பையா நின்னுபோச்சு. எல்லாக் கேடும் அதுலதான் வந்துது.

வெடியக்காலம் பேஞ்சுது பாருங்க மழை. கோடை மழை, கல்லு விழுகறாப்பல. காலையில போய்ப் பாத்தேன். நான் சீப்பு வெச்சு வாரினாப்பல உழுத மூணு ஏக்கராவும் கூழாக் கெடக்குது. செவச்செவன்னு தண்ணி ஓடி, இட்டேரியில பாதி மண்ணு வந்து படுத்திருக்குது. அந்தக் குப்பை ரெண்டு ஏக்கராவுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வெளிய வரலை. எதையும் வெளிய வுடாத காடு பாருங்க அது.

கார் வந்துது. நேரா எங்க இட்டேரிச் சேத்துல எறங்கி நின்னுது. முன்னாலயும் போகலை, பின்னாலயும் போகலை. காளியப்பன் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு எறங்கினாரு, ஒரு செருப்பு சேத்தோட போயிருச்சு. அவரு ஒத்தைக் கால் செருப்போட நின்னுக்கிட்டு எனக்குக் கும்புடு போடறாரு, நானும் போடறேன். நவநீதன் புதுச் சட்டையோட காரைத் தள்ளறான். பாத்தா, அந்தப் புள்ள சுடிதாரைத் தூக்கிக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் தள்ளுது. மாப்பிள்ளை வூட்டுக்கு வந்த எடத்துல பொண்ணு கார் தள்ளறதை நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? கார் வெளிய வந்தப்ப ரெண்டு பேரும் மூஞ்சியெல்லாம் சேறு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு மனசுக்குள்ள ஒரு நம்பிக்கை வந்துது. ஆச்சு, இனி நான் பேசிக்கிட்டாப் போதும்னு நெனச்சேன்.

காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். உழுத எடத்துல கால் வெச்சா முழங்கால் வரைக்கும் போகுது. அதனால எல்லாரும் அந்தக் குப்பைக் காட்டு மேலதான் நடக்க வேண்டியதாப்போச்சு. அது மேல நடந்தாச் சேறு ஒட்டலை, மெத்தையாட்டம் அமுங்குது. அந்தப் புள்ள குந்திச்சு. சருகை வெலக்கிப்போட்டு, வெரலை வுட்டுது. முழு வெரலும் உள்ள போச்சு. சருகுக்கு நடுவுல நின்ன ஒரு பயத்தஞ்செடியைப் புடுங்கி, வேருல முடிச்சு முடிச்சா இருக்கறதை அப்பங்கிட்டப் பொக்கிசமாட்டம் காட்டுது. அவரு குனிய முடியாமக் குனிஞ்சு பாக்கறாரு. எனக்கு மானம் போகுது. வேருல சீக்குப் புடிச்ச செடியைப் போய் எடுத்துக் காட்டுதே, நல்லதா ஒண்ணு கெடைக்கலையான்னு.

"மாமா, இந்தப் பக்கத்தை ஏனுங்க உழாம வுட்டீங்க?"ன்னு கேட்டுது.

எனக்கு வெக்கமாப்போச்சு. "டீசல் தீந்துபோச்சு அம்மிணி. நாளைக்கே உழுது போட்டுருவோம். நீ வர்றதுக்குள்ள எல்லாம் சுத்தமாயிரும்"ன்னேன்.

அந்தப் புள்ள மூஞ்சி அப்படியே வாடிப்போச்சு. ரெண்டு ஏக்கரா பாக்கி இருக்குதேன்னு வருத்தம். எந்திரிச்சு, நவநீதனைப் பாத்து, "அந்த மூணு ஏக்கராவை நீங்கதான் உழுதீங்களா?"ன்னுது.

அவன் என்னைப் பாத்தான். நான் சும்மா இருப்பனுங்களா? பையன் பேரைத் தூக்கி நிறுத்த இதைவிட நல்ல நேரம் எப்ப வரும்? "பின்னே வேற யாரு அம்மிணி? எல்லாம் அவனேதான். கலப்பை புடிச்சான்னா சாப்புடக்கூட வர மாட்டான். தரகரு ஆயிரஞ்சொல்லுவாரு, அதெல்லாம் நம்பாதீங்க. எங்க பையனாட்டம் உழறவன் இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்லை"ன்னேன்.

"அப்படீங்களா?"ன்னு மறுபடி அவனையே கேட்டுது.

நவநீதன் குனிஞ்சு சட்டைச் சேத்தைத் தட்டினான். பெத்தவனை நாலு பேரு முன்னால பொய்யன்னு சொல்ல அவனுக்கு வாய் வராது. அந்த வளப்பு எங்க வளப்பு. "அப்பா சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க"ன்னான். அந்தப் புள்ள காருக்குத் திரும்பிருச்சு. கையில இருந்த செடியை மட்டும் கீழ போடாம எடுத்துட்டுப் போயிருச்சு.

ஒரு வாரம் கழிச்சுப் பெரியண்ணன் வந்து சொன்னாரு. "தரகரு சொன்ன பையன் வேற, நாங்க பாத்த பையன் வேற. இது சரிப்படாதுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். சொல்றப்ப அந்தப் புள்ள அழுதுச்சாம். அழுகாம என்ன பண்ணும்? அத்தனை ஆசையா வந்த புள்ள. மீதி ரெண்டு ஏக்கராவையும் நான் உழுதிருந்தேன்னா அன்னிக்கே வெத்தலை பாக்கு மாத்தியிருப்போம். நான் இதைத்தான் ராமாத்தாகிட்டச் சொன்னேன்.

அவ சோத்துக் கரண்டியைக் கீழ வெச்சா. எங்கிட்ட ஒரு நாளும் எதுத்துப் பேசாதவங்க அவ. "இந்தாங்க, நீங்க நாளைக்கே அந்த வூட்டுக்குப் போங்க. போயி, உழுதது நான்தானுங்கன்னு சொல்லுங்க. எம்பையன் உழ மாட்டானுங்கன்னு சொல்லுங்க. சொல்லிப்போட்டு வர்ற வரைக்கும் இந்த வூட்டுல உங்களுக்குச் சோறு இல்லை"ன்னுட்டா.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. "ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இப்பவாச்சும் உழற பையன்னு ஒரு பேரு இருக்குது. மனசு மாறி வந்தாலும் வருவாங்க. உழவே தெரியாதவன்னு நானே போய்ச் சொன்னா, அந்தப் புள்ள இந்தத் தெசைப் பக்கம் தலை வெச்சுப் படுக்குமா?"ன்னேன்.

"படுக்காட்டிப் போகுது. நீங்க சொல்லிட்டு வாங்க"ன்னா. சொல்லிப்போட்டுத் திரும்பிக்கிட்டா. முதுகு குலுங்குது. அழுகறாளா சிரிக்கறாளான்னு எனக்குத் தெரியலை. அழுதிருப்பா.

பையங்கிட்டயாச்சும் நாயம் கெடைக்குமான்னு காட்டுக்குப் போனேன். நான் உழுத மூணு ஏக்கராவுலயும் மறுபடி பயறு தெளிச்சுட்டிருக்கான், ஒத்தையில. அந்த நாள்ல இருந்து எங்கிட்டச் சரியாப் பேசறதில்லை. "கண்ணு, உங்கம்மா இப்படிச் சொல்றா. நான் போய் நெசத்தைச் சொன்னா எல்லாம் முடிஞ்சுபோயிருமே, அப்பறம் உனக்கு யாருடா இருக்கறா?"ன்னேன். கூடையைக் கீழ வெச்சுட்டு என்னை நிமிந்து பாத்தான். சிரிச்சானுங்க. எத்தனை நாள் கழிச்சு. "போய்ச் சொல்லுங்கப்பா. முடியுதான்னு பாக்கலாம்"ன்னான்.

அப்பவே எனக்கு வுட்டுப்போச்சு. பையனுக்குக் கல்யாண ஆசையே போயிருச்சுங்க. இல்லைன்னா பெத்தவனை அனுப்பித் தன் சம்பந்தத்துக்குத் தானே கொள்ளி வெப்பானா? நீங்களே சொல்லுங்க தம்பி. நீங்க ஏன் அப்போ இருந்து வாயைப் பொத்திக்கிட்டுச் சன்னலையே பாத்துட்டு வர்றீங்க? ஒவ்வொருத்தரும் எங்கிட்ட மட்டும் ஏன் இப்படிப் பண்றீங்கன்னு தெரியலை.

பிரிவு வந்துருச்சு போல. கண்டக்டர், எறங்கறேன், சித்த நிறுத்தச் சொல்லுங்க.

என்ன சொல்லணுமுன்னு வழியெல்லாம் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துட்டேனுங்க. உக்காரக் கூட மாட்டேன். வாசல்ல நின்னுக்கிட்டே சொல்லிருவேன். அம்மிணி, அன்னிக்கு உழுதது நான்தான். எம்பையன் மூணு வருசமா காட்டுல கலப்பை வெச்சதில்லை. பயறைப் போட்டு, பூ எடுத்தா அப்படியே படுக்கப் போட்டுருவான். நான் உழுததுக்கு அழுதவன் அவன். இனிமேலும் உழ மாட்டான், உன்னையும் உழ வுட மாட்டான். இப்படியாப்பட்டவனுக்கு வாக்கப்பட உனக்குச் சம்மதமான்னு கேட்டுப்போட்டு, பதிலுக்கு நிக்காம அடுத்த பஸ்ஸுக்கே வந்துருவேன். அந்தப் புள்ள என்ன சொல்லுமுன்னு எனக்குத் தெரியாதுங்களா?